மூன்று ஜாடி மின்னல்

மார்ச் 3, திங்கள்

இன்று மூன்று இடத்தில் கன்னத்தைச் சுரண்டினேன். இடது கன்னத்தின் உள்பக்கம் எரிகிறது. ராஜகனி ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்டிருந்தாள், அது வேறு. நாளையிலிருந்து வலது கன்னம்.

மின்னல் என் கடைச் சரக்கு, லேப்பில் செல்லுக்குப் போடுகிற சாயம். அதை விற்க இதைவிட நல்ல வழி கிடையாது. லேப்புக்குள் போய், "ஒரு நிமிஷம் சார்" என்று உட்கார்ந்து, ஐஸ் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டுவேன். அதைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்துக் காயவிட்டு, மூன்று ஜாடியில் வரிசையாக முக்கி எடுப்பேன். முதல் ஜாடிக்கு நிறமில்லை. செல் அழுகாமல், கலையாமல் இருந்தபடியே பிடித்து நிறுத்துகிற திரவம் அது; ஃபிக்சேட்டிவ் என்பார்கள். இரண்டாவது சிவப்பு, மூன்றாவது நீலம். குழாய்த் தண்ணீரில் அலசி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல் ஒவ்வொன்றும் நடுவில் நீலப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய முறைச் சாயத்துக்கு அரைமணி, முக்கால்மணி ஆகும். என்னுடையது டீ வருவதற்குள் முடிந்துவிடும். பல இடங்களில் டீ வருவதற்குள் ஆர்டரும் வந்திருக்கிறது.

இன்று இரண்டு ஆர்டர். மூன்றாமவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசிக்கிறவன் வாங்கமாட்டான்.

என் கழுத்துக் கட்டியைப் பற்றி ராஜகனி மறுபடியும் ஆரம்பித்தாள். போன மாதமே கோவில்பட்டி ஆவுடையப்பன் லேப்பில் ஊசி விட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்தாயிற்று. வெறும் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட். காலையில் ஊசி, மத்தியானம் ரிப்போர்ட். அங்கேயும் மின்னல்தானே ஓடுகிறது.

"பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டுங்களேன்" என்கிறாள்.

என் சரக்கை நானே நம்பாவிட்டால் ஊரில் எவன் நம்புவான்?


மார்ச் 5, புதன்

பின்னறையில் பாட்டில் நிரப்பினோம். நான் ஊற்ற, ராஜகனி லேபிள் ஒட்டினாள். மின்னல் என்ற பெயரும் அவள் வைத்ததுதான். நான் 'நெல்லை ரேபிட்' என்று வைக்க இருந்தேன். "பஸ் பேரு மாதிரி இருக்கு" என்றுவிட்டாள்.

முதல் ஜாடியில் முறைப்படி ஊற்ற வேண்டியது மெத்தனால். அது விஷச் சரக்கு. வாங்க, வைக்க, விற்க எல்லாவற்றுக்கும் பர்மிட் வேண்டும். என் பர்மிட் புதுப்பிக்கப் போட்டது ஆபீஸில் தூங்குகிறது. கொரோனா சமயத்தில் சானிடைசர் செய்யலாம் என்று ஐசோ ஸ்பிரிட் பேரல் பேரலாக வாங்கிப் போட்டேன். ஊர் பூராவும் கை கழுவுவதை நிறுத்தியதும் சரக்கு அப்படியே தங்கிவிட்டது. அதுவும் ஆல்கஹால்தானே என்று ஒருநாள் முதல் ஜாடியில் ஊற்றிக் கன்னத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அழகாக வந்தது. பர்மிட் வேண்டாம், மூச்சுமுட்டாது, விலையும் குறைவு. லேபிளில் 'மாற்று ஃபிக்சேட்டிவ்' என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை.

காலி பாட்டில் வாங்கி விற்றுத் தொழில் ஆரம்பித்தவன் நான். தங்கிப்போன சரக்குக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியாதவன் கடை வைக்கக்கூடாது.


மார்ச் 7, வெள்ளி

ஸ்லைடு லோடு வந்தது. இரண்டு பெட்டி உடைசல். லாரிக்காரனோடு சண்டை. ஜெயித்தேன்.


மார்ச் 10, திங்கள்

மேலப்பாளையம் டாக்டரம்மா பிர்தவ்ஸ் லேப்புக்குப் போனேன். செல் பார்த்து நோய் சொல்வதில் இந்தப் பக்கத்தில் அவருக்குத்தான் பேர். அவர் ஒரு சாமானை மேஜையில் வைத்துக்கொண்டால் சுற்றுப்பட்டு லேப் எல்லாம் கேட்காமலே வாங்கும். இரண்டு வருஷமாக உள்ளே விடாதவர், இன்றுதான் நேரம் கொடுத்தார்.

வலது கன்னத்தைச் சுரண்டினேன். மூன்று ஜாடி. அலசல். அவர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். சிரித்தார்.

"எப்பவும் கன்னம்தானா, அண்ணாச்சி?"

"ஆமா டாக்டர். நம்ம கன்னம், வாடகை கிடையாது."

"கன்னத்து செல்லு எருமத் தோலு. நீங்க காப்பித்தண்ணியில முக்கினாலும் அது நிக்கும். நிணநீர்க் கட்டி, தைராய்டு, இதுல எல்லாம் செல்லு பச்சப் புள்ள மாதிரி. அத வச்சுக் காட்டுங்க பாப்போம்."

"அதுக்கு நான் எங்க டாக்டர் போவேன்?"

வெளியே கழுத்துக் கட்டியோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரிடம் கேட்டுக்கொண்டு, ஊசியில் வந்ததைத் தனக்கு வேண்டிய ஸ்லைடுகளில் இழுத்தார். ஊசிமுனையில் மிஞ்சியதை எனக்கு ஒன்றில் இழுத்துக் கொடுத்தார். அவருடையது அவர் சாயத்தில், என்னுடையது மின்னலில்.

அவர் மைக்ரோஸ்கோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் பார்க்கலாம். முதலில் அவருடைய ஸ்லைடு. ஒவ்வொரு செல்லுக்கும் பென்சிலால் ஓரம் இழுத்தது மாதிரி இருந்தது. பிறகு என்னுடையது. நனைந்த கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியது மாதிரி. ஓரமே இல்லை.

"முதல் ஜாடியில என்ன ஊத்தியிருக்கீங்க?"

"ஐசோ. மெத்தனாலுக்குப் பர்மிட் இழுத்தடிக்கான். அதான் மாற்று."

"மாற்று வைக்கது தப்பில்ல. நானே எத்தன தடவ வேற ஸ்பிரிட்ட வச்சு சமாளிச்சிருக்கேன். இதுல தண்ணி எவ்வளவு?"

"நூத்துக்கு முப்பது."

கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "முப்பதா! காஞ்ச ஸ்லைட இவ்வளவு தண்ணியில போட்டா மெல்லிசான செல்லு ஊதிப்போயிராதா? ஊதினதுக்கப்புறம் உள்ள என்ன இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

பதில் வராத இடத்தில் சிரித்து வைப்பது என் வழக்கம்.

"இத வச்சுக் கழுத்து ஊசி டெஸ்ட் யாராவது பாக்காங்களா, அண்ணாச்சி?"

"இல்ல டாக்டர். எல்லாரும் ரத்தம்தான் பாக்காங்க."

டீ வந்தது. அவருக்கு நோன்பு, நான் மட்டும் குடித்தேன். ஆர்டர் இல்லை.


மார்ச் 11, செவ்வாய்

டாக்டர்மார் எல்லாரும் அப்படித்தான். ஒருத்தர் வைத்த குழம்பு இன்னொருத்தருக்கு ருசிக்காது. என் மின்னல் எட்டு லேப்பில் ஓடுகிறது, ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை.

கடையில் நான் அடிக்கடி கழுத்தைத் தடவுகிறேன் என்று ராஜகனி சொன்னாள். காலர் புதுசு, உறுத்துகிறது.


மார்ச் 13, வியாழன்

ஒரு வேலை பார்த்தேன். யாருக்கும் நிரூபிக்க இல்லை, எனக்காக.

காலையில் கறிக்கடைக்குப் போய் அப்போதுதான் வெட்டிய ஆட்டின் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, வாங்கிவந்தேன். அது முழுக்க நிணநீர்ச் செல், பச்சைப்பிள்ளை ஜாதி. கடையில் டெமோவுக்கு வைத்திருக்கிற மைக்ரோஸ்கோப்பை எடுத்துப் பின்னறையில் வைத்தேன். பழைய மெத்தனால் பாட்டிலின் அடியில் கொஞ்சம் கிடந்தது.

ராஜகனி எட்டிப் பார்த்தாள். "சுவரொட்டி வாங்கியிருக்கேன்னு சொல்லவே இல்ல? மிளகு போட்டு வறுக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறு. ஒரு துண்டு மட்டும் எனக்கு."

"பச்சையாவா!"

அறுத்த முகத்தை ஸ்லைடில் ஒற்றி எடுத்தேன். ஒன்றை மெத்தனாலில், ஒன்றை என் முதல் ஜாடியில். அதற்குப் பிறகு இரண்டுக்கும் அதே சிவப்பு, அதே நீலம்.

மெத்தனால் ஸ்லைடில் கடுகு கொட்டிக் கிடப்பது மாதிரி செல். மின்னல் ஸ்லைடில் ஊறிய ஜவ்வரிசி.

ஸ்லைடு அழுக்காக இருந்திருக்கலாம் என்று புதுப் பெட்டியை உடைத்தேன். ஜவ்வரிசி. சாயம் பழசாக இருக்கலாம் என்று புது சாயம் கலக்கினேன். ஜவ்வரிசி. கடைசியில் என் கன்னத்தைச் சுரண்டி அதே ஜாடியில் முக்கினேன். தங்கம் மாதிரி வந்தது.

ஆக, எட்டு லேப்பிலும் நான் என் கன்னத்தைத்தான் விற்றிருக்கிறேன்.

சுவரொட்டி வறுவல் நன்றாக இருந்தது என்றாள். எனக்கு இறங்கவில்லை.


மார்ச் 14, வெள்ளி

வியாபாரம் சுமார். மின்னல் கேட்டு போன் வந்தது. ஸ்டாக் இல்லை என்றேன். பின்னறையில் ஸ்டாக் அடுக்கிக் கிடக்கிறது.


மார்ச் 17, திங்கள்

மறுபடி மேலப்பாளையம். அழைக்காமல் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. இன்னிக்கும் கன்னமா?"

"இல்ல டாக்டர். ஒரு ஊசி போடணும்."

"யாருக்கு?"

காலரைத் திறந்து காட்டினேன்.

சிரிப்பு நின்றது. கை கழுவிவிட்டு வந்து, எனக்குப் பின்னால் நின்று, விரலால் கழுத்தை அழுத்தினார். எச்சில் விழுங்கச் சொன்னார். மறுபடி விழுங்கச் சொன்னார். கட்டி ஏறி இறங்கியது எனக்கே தெரிந்தது.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு. போன மாசம் டெஸ்டும் எடுத்தாச்சு. நீர்க்கட்டின்னு ரிப்போர்ட்டு."

ரிப்போர்ட்டைப் படித்தார். "அங்க எந்த ஸ்டெயின்?"

"என் ஸ்டெயின்தான்."

"அன்னிக்கு யாரும் இதுல கழுத்து பாக்கலன்னு சொன்னீங்களே?"

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. படுக்கச் சொன்னார்.

ஊசி எறும்புக் கடிதான். அவருக்கு வேண்டிய ஸ்லைடு எல்லாம் இழுத்தார். சிலதைக் காயவிட்டார், சிலதை ஈரத்தோடேயே ஸ்பிரிட்டில் போட்டார். ஒன்று எனக்கு வேண்டும் என்றேன்.

"எதுக்கு? உங்க மின்னலுக்கா?"

"ஆமா."

"இன்னுமா அத விக்கணும்?"

"விக்கதுக்கு இல்ல டாக்டர். பாக்கணும்."

படுக்கையிலிருந்து எழுந்து, பஞ்சைக் கழுத்தில் அழுத்திக்கொண்டே, என் கழுத்திலிருந்து வந்ததை என் கையால் என் மூன்று ஜாடியில் முக்கினேன். எத்தனையோ லேப்பில் செய்த வேலை. இன்று சிவப்பு ஜாடியில் ஸ்லைடு கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. டாக்டர்தான் எடுத்துக் கொடுத்தார்.

என் ஸ்லைடை எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம். ஜவ்வரிசி. அவர் தன்னுடையதை வைத்தார். அதை ரொம்ப நேரம் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்கள் கொத்துக் கொத்தாக, தெளிவாக இருந்தன, அவ்வளவுதான் தெரிந்தது. 'நல்ல சாயம்' என்று நினைத்தேன்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி. ஸ்பிரிட்டுல போட்டதையும் பாத்துட்டு சொல்லுதேன்."

முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். நாளைக்கு வாங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில், டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார், ஆர்டர் விஷயம் என்று சொன்னேன்.


மார்ச் 18, செவ்வாய்

தைராய்டில் புற்று. பாப்பில்லரி என்று ஒரு வகை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. எனக்கும் அதுதான் வசதி. "இந்த வகை மெதுவாத்தான் நடக்கும். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா பெரும்பாலும் நல்லா இருப்பாங்க. ஆனா இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நீர்க்கட்டின்னு விட்டிருந்தா கழுத்துல வேற இடத்துக்கும் போயிருக்கும்." தன் ஸ்லைடில் காட்டினார். செல்லின் நடுப்பொட்டில் காப்பிக்கொட்டைக்கு இருப்பது மாதிரி ஒரு கீறல். சிலதில் உள்ளே ஒரு வெள்ளை ஓட்டை. அதை வைத்துத்தான் சொல்கிறார்களாம்.

"மின்னல் ஸ்லைட மட்டும் பாத்திருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க டாக்டர்?"

யோசித்தார். "பாக்க முடியல, திரும்ப எடுங்கன்னு எழுதியிருப்பேன். ஆனா ஒரு நாளைக்கு நூறு ஸ்லைடு வந்து, ஒவ்வொண்ணும் இப்படியே இருந்து, வெளியில ஆளு அவசரப்படுத்தினா என்ன எழுதியிருப்பேனோ. கோவில்பட்டி ரிப்போர்ட்ட எழுதினவரு போன்ல வந்த போட்டோவப் பாத்துத்தான் எழுதியிருக்காரு, அதுலயே போட்டிருக்கு. அந்தப் போட்டோவுல கீறலே இருந்திருக்காது."

ஆபரேஷன் புதன் 26, பாளையங்கோட்டையில். அவரே பேசி ஏற்பாடு செய்தார். கிளம்பும்போது, "வீட்ல சொல்லிருங்க. மறைக்காதீங்க" என்றார். நான் மறைப்பவன் என்று எப்படித் தெரிந்தது?

வீட்டில் சொன்னேன். ராஜகனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆபரேஷன் என்னிக்கு?"

சொன்னேன்.

"யாரு பண்ணுதாவ? நல்ல டாக்டரா?"

"நல்ல டாக்டர்தான்."

"குரல் போயிருமோ?"

"போகாதுன்னாங்க."

"போனா நிம்மதி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கொஞ்ச நேரம். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் லேபிள் ஒட்டினதெல்லாம் எங்கெங்க போயிருக்கு?"

எட்டு லேப் பெயரும் சொன்னேன்.

"ஆவுடையப்பன் தம்பி கிட்ட உங்கள மாதிரி வேற யாரும் போகலியா?"

சாப்பாடு எடுத்து வை என்றேன்.


மார்ச் 19, புதன்

வேனை எடுத்துக்கொண்டு மின்னலைத் திருப்பி எடுக்கப் போனேன். தென்காசிப் பக்கம் நான்கு லேப், வள்ளியூர்ப் பக்கம் மூன்று. ஏழிலும் உண்மையாகவே ரத்தம் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். கழுத்து, மார்பு, கட்டி எதையும் தொடவில்லை. ரத்த ஸ்லைடில் சந்தேகம் என்றால் மறுபடி எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிப் பழைய ஸ்டெயினை வைத்துவிட்டு வந்தேன்.

சுரண்டையில், "நல்லாத்தானே அண்ணாச்சி இருக்கு, எதுக்குத் தூக்குதிய?" என்றான்.

"நல்லா இருக்க மாதிரி தெரியுது. அதான் தூக்குதேன்."

"புது மாடல் வருதோ?"

"ஆமா" என்றேன். அவனிடம் முழுக்கச் சொல்லத் தெம்பில்லை. பிறகு வேனில் ஏறியவன் திரும்ப இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

கோவில்பட்டி மிச்சம்.


மார்ச் 20, வியாழன்

கோவில்பட்டி போகவில்லை. வேன் டயரில் காற்று குறைவு.

ராஜகனி டயரைப் போய்ப் பார்த்தாள். வந்து வேன் சாவியை என் முன்னால் வைத்தாள்.


மார்ச் 21, வெள்ளி

ஆவுடையப்பன் லேப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில். நல்ல பையன். என்னிடம் சாமான் எடுத்துத்தான் லேப் வைத்தான், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். இன்றும் நின்றான்.

"வாங்க அண்ணாச்சி. நீர்க்கட்டி கரைஞ்சிட்டா?"

கதவைச் சாத்தச் சொன்னேன். பிர்தவ்ஸ் டாக்டர் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இது உங்களுதா?"

"என்னுதுதான். பேரு போட்டிருக்கில்ல."

"அண்ணாச்சி, நான் ஸ்லைடுதான் போட்டேன். டாக்டர்தான் பாத்து எழுதினாரு."

"உன் மேல நான் குத்தம் சொல்லல தம்பி. அவரு மேலயும் சொல்லல. அவருக்குப் போன போட்டோவுல ஒண்ணும் இருந்திருக்காது. இருந்தத முதல் ஜாடி தின்னுட்டு." சுவரொட்டி விஷயம், தண்ணீர் விஷயம் எல்லாம் சொன்னேன். "மின்னல் வந்ததுக்கப்புறம் எத்தன பேருக்குக் கட்டியில ஊசி போட்டிருக்க?"

ரிஜிஸ்டரைப் புரட்டி எண்ணினான். பிறகு மெல்ல, "பதினோரு பேரு. உங்களச் சேக்காம" என்றான்.

"என்ன ரிப்போர்ட்டு போச்சு?"

"எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னுதான்."

"பழைய ஸ்லைடு இருக்கா?"

"இருக்கு. வேற சாயம் போட்டுப் பாப்போமா?"

"முதல் ஜாடியில கெட்டது, அதுக்குமேல எந்தச் சாயம் போட்டும் ஆகாது. வெந்த சோத்தத் திரும்ப அரிசியாக்க முடியுமா? ஆளத்தான் கூப்பிடணும். பிர்தவ்ஸ் டாக்டர் கிட்ட பேசிட்டேன். எல்லாருக்கும் அவங்களே திரும்ப எடுத்துப் பாப்பாங்க. யாரும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு முன்னால் அவன் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"கூப்பிட்டா என் லேப் என்னாகும் அண்ணாச்சி? நாளைக்கு இந்த மாடிப்படியில ஒருத்தன் ஏறுவானா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. மெதுவா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப்புன்னு சொல்லி ஒவ்வொருத்தரா வரவச்சா என்ன? யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

போன வாரமாக இருந்தால் இந்த யோசனை எனக்கே வந்திருக்கும். என்னிடமிருந்துதான் படித்திருக்கிறான்.

"இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க தெரியுமா?"

மேஜையில் கிடந்த போனை அவன் பக்கம் தள்ளினேன்.

"போன எடு. மின்னல் மேல பழியப் போடு, என் பேரச் சொல்லு. பரமார்த்தலிங்கம், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கடைன்னு சொல்லு. சண்டைக்கு வாரவன் அங்க வரட்டும்."

எடுத்தான். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், சரி வருகிறேன் என்று உடனே வைத்துவிட்டார், காது சரியாகக் கேட்டதோ என்னவோ. மூன்றாவது கழுகுமலைப் பக்கம் ஒரு அம்மா. பேச்சித்தாய் என்று பேர், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஆவுடையப்பன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பின்னால் பெட்டிகளைத் தட்டுகிற சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டது. இவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

"என்னது? திரும்ப வரணுமா? ஒண்ணுமில்லன்னுதானய்யா சொன்னிய!"

"ஆமாக்கா, இது சும்மா, இன்னொரு தடவ..."

"சும்மா எவனாவது கழுத்துல ஊசி குத்துவானா? ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னதும் நான் கழுகுமலையில போயி மொட்ட போட்டுட்டு வந்தேன். வேண்டுதல் முடிஞ்சு போச்சு. முடி இப்பத்தான் அரும்பு விடுது. இப்ப வந்து திரும்ப வான்னா, நான் என்னன்னு எடுத்துக்கிடட்டும்?"

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தான். நான் போனை வாங்கினேன்.

"யம்மா, நான் லேப்காரன் இல்ல. அவரு போட்ட சாயத்த வித்தவன்."

"சாயமா? என்ன சாயம்?"

"டெஸ்ட்டுக்குப் போடுத சாயம். அதுல கோளாறு. தப்பு என் பக்கம். எனக்கும் கழுத்துல கட்டி. எனக்கும் இதே லேப்புல, இதே சாயத்துல, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாவ."

பின்னால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மா எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"இப்ப என்னங்காவ?"

"புத்துன்னு சொல்லியிருக்காவ. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நான் சொல்லல. இல்லாமலும் இருக்கலாம். ஆனா அந்த ரிப்போர்ட்ட நம்பி நீங்க இருக்கக் கூடாது."

"ஆபரேசன் பண்ணுதாவளா உங்களுக்கு?"

"வார புதன்கிழம."

"வீட்டுக்காரம்மா இருக்காவளா?"

"இருக்கா."

உள்ளேயிருந்து யாரோ அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு பயமா இருக்கா?"

இதை ராஜகனி கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை. நானும் இந்த நோட்டில் எங்கேயும் எழுதவில்லை. ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்திருந்தான். முப்பது வருஷமாக ஒரு வாடிக்கைக்காரர் முன்னாலும் நான் இப்படி நின்றதில்லை.

"ஆமா தாயி. ரொம்ப" என்றேன்.

"அப்பம் சரி" என்றார். "நாளைக்கு அரை நாள் லீவு கேக்கேன். கழுகுமலையில இருந்து எந்த பஸ்ஸுல ஏறணும்?"

கோவில்பட்டி வந்து திருநெல்வேலி பஸ் ஏறச் சொன்னேன். அங்கே பஸ் ஸ்டாண்டில் நானே வேனோடு நின்று டாக்டரம்மாவிடம் கூட்டிப் போவேன், மொட்டைத் தலையை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறேன் என்றேன். சிரித்தார்.

ஆவுடையப்பன் போனை வாங்கி, நான் சொல்லாமலே, அடுத்த நம்பரைப் போட்டான்.